ஒருவர் காதுக்கு மட்டும் ஒரு தனி

கச்சேரியில் ‘தனி’ என்றால், பாடகர் தாளம் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்க, மிருதங்கமும் கடமும் சபையோர் அனைவரும் கேட்கும்படி தம் வித்தையைக் காட்டும் நேரம் என்பது சங்கீத ரசிகர்கள் அறிந்ததே. ஆனால் அதே மண்டபத்தின் பின்கோடியில், மினுக்கும் விளக்குகள் நிறைந்த மிக்சருக்கு முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ‘சோலோ’ என்ற பொத்தான்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை அவர் அழுத்தும்போது நிகழும் தனியோ அவர் ஒருவர் காதுக்கு மட்டுமே உரியது. சபையோர் அதை அறியார். அறியாமலிருக்க வேண்டும் என்பதே அந்தப் பொத்தானின் தர்மம்.

மைக்கில் புகுந்த ஒலி, முதலில் கெயின் என்னும் திருகினால் வலுப்பெற்று, பிறகு ஸ்வரத்தின் கனத்தையும் மென்மையையும் திருத்தும் ஈக்வலைசரைக் கடந்து, கடைசியில் மேலும் கீழும் நகரும் ஃபேடர் வழியாகவே ஒலிபெருக்கிக்குச் செல்கிறது. ஃபேடருக்கு முன்பே அந்த ஒலியைக் கிள்ளி எடுத்துக் காதுக்குக் கொடுப்பது பி.எஃப்.எல். எனப்படும். திரை எழுவதற்கு முன், ஃபேடர்கள் யாவும் கீழே மூடிக்கிடக்க, கடத்துக்கு வைத்த மைக் உயிரோடிருக்கிறதா, அதன் கம்பியில் இரைச்சல் ஏதும் உண்டா என்று ஒருவருக்கும் தெரியாமல் சோதித்துக்கொள்ள இதைவிடச் சௌகரியமான உபாயம் வேறில்லை. கெயினைச் சரிசெய்யும் வேளையில் அளவுகாட்டியையும் இது அந்த ஒரு மைக்கின் பக்கம் திருப்பிவிடுகிறது. டிஜிட்டல் கணக்கில் 0 டெசிபல் என்பது கூரையாதலால், வாசிப்பு சராசரியாக அதற்கு 18 டெசிபல் கீழே நின்றால், மிருதங்கத்தின் திடீர் அடிக்கும் தலை இடிக்காமல் இடம் இருக்கும்.

ஃபேடருக்குப் பின்னால் கேட்பது ஏ.எஃப்.எல். இங்கே ஒலியின் அளவும், அது இடப்பக்கம் நிற்கிறதா வலப்பக்கம் நிற்கிறதா என்பதும் கலவையில் உள்ளபடியே காதுக்கு வரும்.

மூன்றாவது ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்லும்போதே எனக்குச் சற்று நடுக்கமாயிருக்கிறது. ‘சோலோ இன் ப்ளேஸ்’ என்ற இந்த முறையில் ஒரு மைக்கின் பொத்தானை அழுத்தினால், ஏனைய மைக்குகள் யாவும் சபைக்குச் செல்லும் வழியிலேயே வாயடைக்கப்பட்டுவிடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் இது உபகாரமே; கச்சேரியிலோ பிராண சங்கடம். ஒரு கல்யாண வரவேற்பில் நான் கண்டது இது: காலையில் சோதனைக்காக வைத்த அந்த முறையை மாற்ற மறந்துவிட்ட ஒலியமைப்பாளர், பாடகி சரணத்தின் உச்சியில் நின்ற சமயம், மிருதங்கத்தின் தொப்பி மைக்கைக் காதால் மட்டும் கேட்க எண்ணிப் பொத்தானை அழுத்தினார். பாட்டும் இல்லை, வயலினும் இல்லை. மண்டபம் முழுவதும் ‘தொம் தொம்’ மாத்திரம். சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள்கூட இலையிலிருந்து தலைநிமிர்ந்தார்கள். இந்த முறையை எளிதில் கைக்கெட்டாதபடி மெனுவின் ஆழத்தில் ஒளித்துவைக்கும் மிக்சர்களைச் செய்தவர்களை நான் மனமார வாழ்த்துகிறேன்.

டிஜிட்டல் மிக்சருக்கே உரிய வேறொரு சிக்கலும் உண்டு. 2012இல் வெளிவந்து இன்று பல இடங்களிலும் காணக்கிடைக்கும் பெஹ்ரிங்கர் எக்ஸ்32ஐ எடுத்துக்கொண்டால், 32 மைக்குகளை ஏற்கும் அதில் அவற்றுக்கென உள்ள ஃபேடர்கள் 16தான். ஒரே ஃபேடர், அடுக்கை மாற்றினால் வேறொரு மைக்குக்கு ஊழியம் செய்யும். ஆகவே, ஓர் அடுக்கில் சோலோவை அழுத்திவிட்டு அடுத்த அடுக்குக்குப் போனவர், எதிரே ஒரு பொத்தானிலும் வெளிச்சமில்லாதிருக்க, ‘வயலினைக் கேட்கப் பார்த்தால் கடமும் சேர்ந்து வருகிறதே’ என்று குழம்ப நேரிடும். இதற்காகவே, எல்லாச் சோலோக்களையும் ஒரே அழுத்தில் நீக்கும் பொத்தானொன்றை வைத்திருக்கிறார்கள். புதியதை அழுத்தியதும் பழையது தானே நீங்கும்படியும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆயினும், மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக் வைத்தவர், எதிரும் புதிருமாய் நிற்கும் அவ்விரண்டின் ஒலியலைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றனவா என்று அறிய, இரண்டையும் சேர்த்துக் கேட்டபடி ஒன்றின் ‘ஃபேஸ்’ பொத்தானை மாற்றிப் பார்க்கவேண்டியிருப்பதால், அவருக்கு அந்த ஏற்பாடு உதவாது.

காதுக்கும் மண்டபத்துக்கும் இடையே காலபேதமும் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்வதால், மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு ஒலிபெருக்கியின் ஓசை ஏறக்குறைய 87 மில்லிவிநாடி தாமதித்தே வந்து சேரும். ஹெட்போனிலோ அது உடனே ஒலித்துவிடும். ஒரே தட்டு இரண்டு தட்டாகக் கேட்கும் இந்தத் தொல்லைக்குப் பரிகாரமாக, ஹெட்போன் ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்தும் வசதி பல மிக்சர்களில் இருக்கிறது. மண்டபத்தின் இரைச்சலை வெல்ல ஹெட்போனை ஏற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் 85 டெசிபல் ஒலிக்கு 8 மணி நேரத்தை எல்லையாக வகுத்து, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரத்தைப் பாதியாக்குகிறது, 94 டெசிபலில் ஒரு மணி நேரமே மிஞ்சும். கச்சேரியோ மூன்று மணி நேரம். கேட்கும் ஒலியைச் சட்டென்று தாழ்த்தும் ‘டிம்’ பொத்தான் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று.

தனியே கேட்பதில் ஒரு மயக்கமும் உண்டு என்பது என் அபிப்பிராயம். மிருதங்கத்தை மட்டும் சோலோவில் வைத்து, அதன் அடிநாதம் கொழிக்கும்படி ஈக்வலைசரைத் திருகித் திருகி இன்புற்றவர், சோலோவை நீக்கியதும் அந்தக் கொழுப்பு பாடகரின் மந்திர ஸ்தாயியை மூடிக்கிடப்பதைக் காண்கிறார். குறையைக் கண்டுபிடிக்கத் தனிமை போதும். திருத்தும்போது எல்லோரும் கூடவே ஒலிக்கவேண்டும்.

மேடையில் கலைஞர் முன் வைத்திருக்கும் மானிட்டர் பெட்டிக்குச் செல்லும் கலவை, சபைக்குச் செல்வதினின்றும் வேறானது. வித்துவான் பாடிக்கொண்டே, மிக்சர் இருக்கும் திசையை நோக்கி ஆள்காட்டி விரலை மேலே உயர்த்துகிறார். சுருதி போதவில்லை என்பது தாத்பரியம். அனுபவமில்லாதவர் சுருதிப் பெட்டியின் அளவை உடனே ஏற்றுவார். விரல் மறுபடியும் உயரும், அவரும் மறுபடியும் ஏற்றுவார், முடிவில் மானிட்டர் பெட்டி கூவத் தொடங்கும். அனுபவசாலியோ அந்த மானிட்டர் கலவையின் சோலோவை அழுத்தி, வித்துவானின் காதில் விழுவதைத் தாமும் ஒரு கணம் கேட்கிறார். சுருதி வேண்டிய அளவு இருக்கிறது, மிருதங்கம்தான் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மிருதங்கத்தை 3 டெசிபல் குறைக்கிறார். வித்துவான் திருப்தியோடு தலையசைத்து, அடுத்த சங்கதிக்குப் போகிறார்.