டேங்கின் அடியில் தேங்கும் ஆபத்து

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் விசைப்படகுக்கு வர்ணம் பூசுவார்கள், வலையைச் சீர்செய்வார்கள், புரொப்பெல்லரைத் தேய்ப்பார்கள். பாதி டீசலோடு மூடிக் கிடக்கும் டேங்கைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. டேங்கின் காலியிடத்தில் இருக்கும் ஈரக்காற்று இரவுக் குளிரில் வியர்த்து நீராகிறது. டீசலைவிடக் கனமான அந்த நீர் அடியில் தங்க, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, கறுத்த வழவழப்பான கசடாகின்றன.

தடை முடிந்து கடலுக்குப் போனதும் அலை டேங்கைக் குலுக்கும். கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும். கரையில் நன்றாக ஓடிய இன்ஜின் கடலில் நின்றுபோவது பல நேரங்களில் இப்படித்தான்.

பாக் நீரிணையில் இதன் விலை இன்னும் அதிகம். அங்கே இந்திய, இலங்கைக் கடல் எல்லை 1974 ஒப்பந்தத்தில் வரையப்பட்டது. நின்றுபோன படகை நீரோட்டம் அந்தக் கோட்டைத் தாண்டி இழுத்துச் சென்றால், பழுது பார்க்க வேண்டிய விஷயம் கைது, படகுப் பறிமுதல் வரை போய்விடும்.

இன்ஜின் நிற்பதற்கு முன் அடையாளம் காட்டும். மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, வேகம் கூட்டினால் இழுவை குறைகிறதா? முதலில் ஃபில்டரைப் பாருங்கள். ஆர்.பி.எம். ஏறி இறங்கித் தடுமாறினால், குழாய் இணைப்பிலோ வாஷரிலோ காற்று நுழைந்திருக்கலாம். சில மணி நேரம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால், டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. உப்பும் வர்ணமும் அந்தத் துளையை மூடிவிடுவது சாதாரணமாக நடப்பது.

குழாயில் நுழைந்த காற்றை வெளியேற்றும் ‘ஏர் எடுக்கும்’ வேலை பொறுமையைக் கேட்கும். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி, ஃபீடு பம்பின் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழிகள். குமிழியே இல்லாமல் டீசல் ஒரே சீராக வழிந்த பிறகுதான் ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பிலும் இதே வேலை. அவசரப்பட்டுப் பாதியில் விட்டால், சிறிது தூரம் போய் இன்ஜின் மறுபடி நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ஓடும் இன்ஜினில் நாசில் குழாய் கசிகிறதா என்று ஒருபோதும் கையை வைத்துப் பார்க்காதீர்கள். பலநூறு பார் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உள்ளே தசை அழுகும். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காமன் ரெயில் இன்ஜினில் உயர் அழுத்தக் குழாயைக் கடலில் கழற்றவே கூடாது.

இன்ஜின் கிளம்பவில்லை என்றால், எல்லை நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள். நங்கூரம் போட்டு, வி.எச்.எஃப். 16-ஆம் சேனலில் படகு இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். கைபேசிச் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554 எண். ஆபத்தில் இருப்பவர்களுக்கு உதவுவது எல்லா நாட்டுக் கப்பல்களின் கடமை என்கிறது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 98-ஆம் பிரிவு. இந்தியாவும் இலங்கையும் அதை ஏற்றவை. ஆனால் படகில் வலையும் மீனும் இருக்கும்போது ‘இன்ஜின் பழுது’ என்ற வாய்ச்சொல் மட்டும் எடுபடாது. எல்லை தாண்டும் முன்பே விடுத்த உதவி அழைப்பு சாட்சியாக நிற்கும். கைதானால், இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்பது மீனவரின் உரிமை. யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

பழுதுக்குக் காரணம் பங்க் டீசலாகவும் இருக்கலாம். அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். பதிவேட்டில் உள்ள அளவுக்கும் அதற்கும் கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. இதில் கலப்படம் பிடிபடலாம், அடியில் தேங்கிய நீர் பிடிபடாது. அதற்குக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். ரசீதையும் மாதிரியையும் பத்திரப்படுத்துங்கள். வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழில் செய்பவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

தடைக்காலத்தில் மீன்வளத் துறை அதிகாரிகள் படகுகளை நேரில் ஆய்வு செய்கிறார்கள். அந்த ஆய்வில் டேங்கின் அடிநீர் வடித்தலையும் சேர்க்கும்படி மீனவர் சங்கங்கள் கேட்க வேண்டும். துறையும் அதைச் செய்ய வேண்டும்.