வெளிநாட்டு வர்த்தகத்தை ஆள்வது எந்தக் கந்தோர்?

2020 ஆம் ஆண்டிலே மஞ்சள் கிடையாது நம் இல்லத்தரசிகள் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு கிலோ மஞ்சள் ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு விலைபோயிற்று. தமிழகத்திலிருந்து தோணிகளிற் கடத்திவரப்பட்ட மஞ்சள் மூடைகளை மன்னார்க் கடலிலே கடற்படையினர் கைப்பற்றினர். அக்காலத்தில் என் வகுப்பிலே மாணவி ஒருத்தி எழுந்து, மஞ்சளைத் தடுத்தது எந்தக் கந்தோர் என வினவினாள். “வர்த்தகத் திணைக்களம்” என்று சற்றும் யோசியாது விடையிறுத்தேன். அவ்விடை பிழையானது.

தடுத்தது இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களம். எப்பொருளை அனுமதிப்பத்திரமின்றிக் கொண்டுவரலாம், எதனைக் கொண்டுவரலாகாது என்பதை 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வெளியாகும் ஒழுங்குவிதிகள் நிருணயிக்கின்றன. அவற்றைச் செயற்படுத்துவதே அத்திணைக்களத்தின் பணி. அந்நியச் செலாவணி அருகும்போதெல்லாம் அதன் கை ஓங்கும்.

அவ்வாறாயின் வர்த்தகத் திணைக்களம் செய்வது யாது? பிறநாடுகளோடு பேசுவது. இந்தியாவுடன் 1998 டிசெம்பரிற் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையைக் கவனிப்பதும், அதன் சலுகையை நாடும் ஏற்றுமதியாளருக்கு, பொருள் இந்நாட்டில் உற்பத்தியானதே என உறுதிசெய்யும் சான்றிதழை வழங்குவதும் இத்திணைக்களமே. பேச்சுவார்த்தை இலேசான காரியமன்று. 1952 இல் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க சீனத்துடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைச் செய்தபோது, அமெரிக்க உதவி நின்றுபோகும் என்ற அச்சமும் அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பும் எழுந்தன. அரிசியும் வந்தது; அமெரிக்க உதவியும் நின்றது.

ஆனால், பேசி முடித்த திணைக்களத்தின் கையிலே வரி விகிதம் இல்லை. அது நிதி அமைச்சுக்குரியது. பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின்மீது அறவீடு விதிக்கும் அதிகாரத்தை 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் நிதி அமைச்சருக்கு அளித்தது. நள்ளிரவில் ஒரு வர்த்தமானி வெளியாகும். மறுநாட் காலை சந்தையில் விலை மாறியிருக்கும். யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டக்காரர் வானத்தை நோக்குவதுபோலவே வர்த்தமானியையும் நோக்கவேண்டியிருப்பது இதனாற்றான். வரியை வசூலிப்பது சுங்கம். அதுவும் நிதி அமைச்சின் கீழதே.

இன்னுமொரு விநோதம். ஏற்றுமதியை வளர்க்கவென 1979 இல் இயற்றப்பட்ட ஏற்றுமதி அபிவிருத்திச் சட்டத்தின் கீழேயே, இறக்குமதிப் பொருள்கள் பலவற்றின்மீது ‘செஸ்’ வரி விதிக்கப்பட்டது. சுங்கத் தீர்வையைக் குறைப்பதாக ஒரு கந்தோர் வாக்களிக்க, வேறொரு பெயரில் மற்றொரு கந்தோர் வரியைச் சேர்த்துவிடலாம். இதனை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். நோய்கொண்ட விதையும் செடியும் நாட்டுக்குள் வராது தடுப்பதோ விவசாயத் திணைக்களத்தின் தனிமைப்படுத்தற் பிரிவின் பொறுப்பு.

அம்மாணவியிடம் மறுநாள் என் பிழையை ஒப்புக்கொண்டேன். முறையிட விரும்புவோர் எக்கதவைத் தட்டுவது என்று அவள் மீண்டும் வினவினாள். வர்த்தமானி அறிவித்தலின் தலைப்பைப் பார்க்கச் சொன்னேன். எச்சட்டத்தின்கீழ் அது வெளியாயிற்று என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும். அச்சட்டத்தை நிருவகிக்கும் கந்தோருக்கே மனுவை அனுப்புதல் வேண்டும்.