லினக்ஸ் கணினியும் செய்திக் காட்சிகளும்

செய்தியை ஏட்டிற் படித்தல் முன்னை வழக்கு. அதனைக் கணினித் திரையிற் காட்சியாகக் காண்டல் இக்கால வழக்கு. ஏட்டைப் படிப்போனுக்கு எழுத்தறிவு அமையும். காட்சியைக் காண்பதற்கோ, கணினிக்கும் ஒருவகை எழுத்தறிவு வேண்டும். அது யாதெனச் சிறிது விளக்குவாம்.

கேமரா எடுத்த காட்சி அளவிற் பெரிது. அதனை அவ்வாறே இணையத்தில் அனுப்புதல் அரிது. ஆதலின் கணித முறையாற் சுருக்கிக் குறிகளாக்கி அனுப்புவர். பெறுங் கணினி அக்குறிகளை விரித்து மீண்டும் படமாக்கல் வேண்டும். இவ்விரு தொழிலையும் இயற்றும் மென்பொருளைக் கோடெக் என்பர். அனுப்புவோர் கையாண்ட முறையைப் பெறுங் கணினி அறியாதாயின், திரை இருண்டே நிற்கும்.

நிற்க. லினக்ஸ் என்பது, பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்க, பலநாட்டார் கூடி வளர்த்த இயங்குதளக் கரு. அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்துள்ளது. காட்சிகளைச் சுருக்கும் முறைகளுட் பலவோ தனி நிறுவனங்களின் உடைமையாயின. லினக்ஸ் கணினியில் செய்திக் காட்சி காண்போர் நெடுங்காலம் இடருற்றமைக்கு இம்முரண்பாடே காரணம். லினக்ஸின் ஆற்றற்குறைவு அன்று.

இதற்கொரு சான்று காட்டுவாம். பி.பி.சி. நிறுவனம் பிரிட்டானிய மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தால் நடைபெறுவது. அது 2007 ஜூலையில் வெளியிட்ட ஐபிளேயர், தன் நிகழ்ச்சிகளை விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்கே இறக்கித் தந்தது. கட்டணம் யாவர்க்கும் பொதுவாயிருக்கக் காட்சி மட்டும் சிலர்க்கே உரியதாதல் முறையன்றெனப் பலர் முறையிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில், பிளாஷ் என்னுந் துணைமென்பொருள் வாயிலாக லினக்ஸ் கணினியினும் காணும் வழி பிறந்தது.

ஆயினும் பிளாஷும் அடோபி என்னும் ஒரு நிறுவனத்தின் உடைமையே. லினக்ஸுக்கெனத் தனியே புதுப்பதிப்பு வெளியிடுவதை நிறுத்துவதாக அந்நிறுவனம் 2012-இல் அறிவித்தது. 2016-இல் அம்முடிவை மாற்றிக்கொண்டது. 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு பிளாஷையே கைவிட்டது.

நல்லூழாக, 2014 அக்டோபரில் எச்டிஎம்எல்5 பொதுத்தரமாக ஏற்கப்பட்டமையின், துணைமென்பொருள் வேண்டாது உலாவியே காட்சியை இயக்கும் நிலை வாய்த்திருந்தது. 2018-இல் வெளிவந்த ஏவி1 என்னுஞ் சுருக்குமுறை, கட்டணமின்றி எவருங் கையாளுமாறு அளிக்கப்பட்டது. இன்று லினக்ஸில் பயர்பாக்ஸ் முதலிய உலாவிகளிற் செய்திக் காட்சிகள் பெரும்பாலும் இடரின்றி ஓடும். ஓடாவிடின், முதற்கண் நோக்கத்தக்கது கோடெக்கே. பெடோரா போன்ற சில லினக்ஸ் தொகுப்புகள், எச்.264 முறைக்குரிய கோடெக்கைக் காப்புரிமை கருதித் தம்முடன் சேர்த்து அளிப்பதில்லை. அதனைத் தனியே நிறுவிக்கொள்ளல் வேண்டும்.

செய்தி பொதுமக்களின் ஊருணி. ஊருணிக்குக் கதவிட்டுத் திறவுகோலை ஒருவர் கையில் ஒப்புவித்தால், அவர் அடைக்கும் நாளில், நீர் நிறைந்திருந்தும் ஊர் விடாயால் வாடும். ஆதலின், செய்தி வெளியிடுவோர் திறந்த முறைகளைக் கைக்கொள்ளுதல் லினக்ஸ் பயன்படுத்துவோர்க்குக் காட்டுஞ் சலுகை அன்று; பொதுமக்களுக்குச் செலுத்தும் கடனேயாம்.