நிரல் நூலகங்களின் சார்புப் பதிப்புகள்: எல்லைப்புறத் தரவை முன்னிட்டு ஒரு விளக்கம்

1. முன்னுரை

சார்பெழுத்து மூன்று என்பது தொல்காப்பியம். பத்து என்பது நன்னூல். எந்நூலைச் சார்ந்து எண்ணினார் என்பதைக் கூறாத ஆய்வாளரின் எண்ணிக்கையைப் பிறர் சரிபார்க்க இயலாது. கணினிவழித் தரவாய்வுக்கும் இது பொருந்தும். நாம் எழுதும் நிரல் பிறர் எழுதிய நூலகங்களைச் சார்ந்தே இயங்குகிறது. நூலகத்தின் பதிப்பு மாறினால் ஆய்வு முடிவும் மாறக்கூடும். ஜாவா நிரல்களைக் கட்டமைக்கும் மேவன் என்னும் கருவி இச்சார்புகளை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதைப் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற ஊர்ப்பெயர்களின்வழி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. தரவின் இயல்பு

பாலக்காட்டின் சிற்றூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் எழுத்துத் தொடர்புகொள்ள இடமளிக்கிறது. ஆகவே இப்பகுதித் தரவில் தமிழும் மலையாளமும் அருகருகே அமைகின்றன. தமிழில் 'மூணாறு' எனக் குற்றியலுகரத்தில் முடியும் பெயர், மலையாளத்தில் 'மூன்னார்' என ரகரச் சில்லெழுத்தில் முடிகிறது. சிற்றூர் என்னும் பெயரின் மலையாள வடிவிற்கும் இதே ஈறு.

இச்சில்லெழுத்து முன்னர் ரகரம், சந்திரக்கலை, கண்ணுக்குப் புலனாகாத இணைப்புக்குறி ஆகிய மூன்றன் தொடராகக் குறியேற்றம் பெற்றது. 2008இல் வெளிவந்த யூனிகோடு 5.1 அதற்குத் தனிக் குறியெண் வழங்கியது. திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கணினிக்கோ அவை வேறுவேறு. யூனிகோடின் இயல்பாக்க விதிகளும் இவற்றை ஒன்றாக்குவதில்லை.

3. நேர்ச் சார்பும் வழிச் சார்பும்

நம் நிரல் தானே கேட்கும் நூலகம் நேர்ச் சார்பு; அந்நூலகம் தனக்கெனக் கேட்பது வழிச் சார்பு. ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். நம் நிரல் 'அ', 'ஆ' என்னும் இரு நூலகங்களைக் கேட்கிறது. 'அ' நூலகம் ஐசியு என்னும் எழுத்துக் கையாளல் நூலகத்தின் 3.8ஆம் பதிப்பைக் கேட்கிறது. 'ஆ' நூலகம் 'இ' என்னும் மற்றொன்றைக் கேட்க, அது ஐசியு 4.0ஐக் கேட்கிறது. ஒரே நூலகத்தின் இரு பதிப்புகளுள் மேவன் ஒன்றையே கொள்ளும். சார்பு மரத்தில் நம் நிரலுக்கு அண்மையில் உள்ளது எதுவோ அதுவே தேர்வு பெறும். தொலைவு ஒத்திருப்பின் முதலில் குறிக்கப்பட்டது தேர்வு பெறும். பதிப்பின் புதுமை இங்குக் கருதப்படுவதில்லை. ஆகவே 3.8 வென்றுவிடும்.

3.8 பதிப்பு யூனிகோடு 5.0ஐயும் 4.0 பதிப்பு 5.1ஐயும் தழுவியவை. எனவே புதிய சில்லெழுத்தை 3.8 எழுத்தாகவே அறியாது. சொற்பிரிப்பில் 'மூன்னார்' என்பதன் ஈறு துண்டிக்கப்படும். நிரல் பிழை காட்டி நின்றுவிட்டால் நன்று. பிழை காட்டாமல் தவறான எண்ணிக்கையைத் தருவதே இடர்.

4. தீர்வு

முதலாவதாக, மேவனின் சார்பு மரத்தை வெளியிடும் ஆணையை இயக்கி, உண்மையில் எப்பதிப்பு கொள்ளப்பட்டது என்று காணவேண்டும். இரண்டாவதாக, திட்டக் கோப்பின் சார்பு மேலாண்மைப் பகுதியில் வேண்டிய பதிப்பை வெளிப்படையாகக் குறிக்கவேண்டும். அது வழிச் சார்புகளையும் கட்டுப்படுத்தும். கிரேடில் என்னும் கருவி இயல்பாக உயர்ந்த பதிப்பையே கொள்வது. எனினும் பழைய ஆய்வொன்றை மீளச் செய்து பார்ப்பவருக்கு வேண்டியது புதிய பதிப்பன்று, அன்று பயன்பட்ட பதிப்பே.

பதிப்பைச் சரிசெய்வது எழுத்தை அடையாளம் காண மட்டுமே உதவும். பழைய, புதிய குறியேற்றங்களை ஒன்றாக்கும் விதியை ஆய்வாளர் தனியே எழுதவேண்டும். இல்லையேல் மொழிபெயர்ப்பு நினைவகத்திலும் ஒரே ஊர்ப்பெயர் இரு பதிவுகளாக நின்று, தேடும்போது ஒன்று அகப்படாது போகும்.

5. முடிவுரை

களப்பணியாளர் தகவலாளரின் ஊர், வயது ஆகியவற்றைப் பதிவுசெய்வது நம் மரபு. தரவை எண்ணிய நூலகத்தின் பெயரும் பதிப்பும் அவ்வாறே பதிவுபெற வேண்டும். வழிச் சார்புகளும் இதற்கு விலக்கல்ல. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஊர்ப்பெயரைச் சிதைத்தது நாம் நேரே கேட்காத நூலகமே.