எதிர் என்றால் எந்த எதிர்?

பண்டைய கிரேக்கத்தில் பித்தாகரஸ் வழிவந்தவர்களில் சிலர் உலகத்தைப் பத்து எதிர் இணைகளாக அடுக்கினார்கள். ஒற்றை–இரட்டை, வலம்–இடம், ஆண்–பெண், ஒளி–இருள், நன்மை–தீமை என்று போகும் அந்தப் பட்டியலை அரிஸ்டாட்டில் தம் 'மெட்டாஃபிசிக்ஸ்' நூலில் குறித்து வைத்திருக்கிறார். அதில் ஆண் நிற்கும் பக்கத்தில்தான் ஒளியும் நன்மையும் நிற்கின்றன; பெண்ணுக்கு இருளும் தீமையும் துணை. தன்மையில் வேறுபட்ட இணைகளை ஒரே வரிசையில் நிறுத்தியதன் விளைவு இது. எதிர் என்பது ஒரே உறவு அல்ல, பல உறவுகளுக்கு நாம் வைத்த பொதுப்பெயர் என்பதை மறந்தால் இந்தப் பிழை யாருக்கும் நேரும்.

அந்த உறவுகளைப் பிரித்துப் பார்க்கும் வழியைக் காட்டியவரும் அரிஸ்டாட்டில்தான். 'கேட்டகரீஸ்' நூலில் எதிர்களை நான்காக வகுத்தார்: இருமடங்கு–பாதி போல ஒன்றையொன்று சார்ந்தவை, நன்மை–தீமை போல முரண்பட்டவை, பார்வை–குருடு போல உடைமையும் இழப்பும், ஆம்–இல்லை என்னும் கூற்றுகள். முரண்பட்டவற்றிலும் கறுப்பு–வெள்ளைக்கு நடுவே சாம்பல் உண்டு, ஒற்றை–இரட்டைக்கு நடுவே எதுவும் இல்லை என்றார். நோய்க்கும் நலத்துக்கும் நடுவே எதுவுமில்லை என்று அவர் சொன்னதை மட்டும் இன்று ஏற்பது கடினம். பெண்ணைக் குறைபட்ட ஆணாகக் கண்டபோது தம் பாகுபாட்டையே அவர் தவறாகப் பொருத்தினார். ஆனால் அளவுகோல் பழுதில்லை. 1944இல் வெளியான கட்டுரையில் மொழியியலாளர் எட்வர்ட் சபீர், பெரியது–சிறியது போன்ற சொற்கள் ஒப்பீட்டை உள்ளடக்கியவை என்று விளக்கினார். சிறிய யானையும் பெரிய விலங்குதானே! பின்னர் மற்றொரு மொழியியலாளரான ஜான் லயன்ஸ், படிநிலை உள்ளவை, இடைநிலை அற்றவை, வாங்குதல்–விற்றல் போல எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பவை எனச் சொற்களைப் பிரித்தார்.

அரிஸ்டாட்டில் பேசியது பொருள்களைப் பற்றி, மொழியியல் பேசுவது சொற்களைப் பற்றி, இரண்டையும் எப்படி இணைப்பது என்று கேட்கலாம். அவருடைய சோதனையைப் பாருங்கள். சாக்ரடீஸ் என்றொருவர் இல்லவே இல்லை என்றால், 'சாக்ரடீஸ் நோயாளி', 'சாக்ரடீஸ் நலமாக இருக்கிறார்' இரண்டுமே பொய். ஆனால் 'நோயாளி', 'நோயாளி அல்ல' என்ற இரண்டில் ஒன்று எப்போதும் மெய். வாக்கியத்தை வைத்துச் செய்யும் இதே சோதனையைத்தான் மொழியியலாளரும் செய்கிறார்கள். பேச்சில் 'அவன் நல்லவன் இல்லை' என்றால் கெட்டவன் என்றுதானே கொள்கிறோம் என்பது இன்னும் வலுவான மறுப்பு. கொள்கிறோம்தான், ஆனால் அது கேட்பவரின் ஊகம், சொல்லின் பொருள் அல்ல. 'கெட்டவனும் இல்லை' என்று உடனே சேர்த்துச் சொன்னால் முரண் எதுவும் வராது. ஒரு முழு எண்ணை ஒற்றையும் இல்லை, இரட்டையும் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், வாக்கியம் நிற்காது. ஆகவே, எங்கள் பக்கம் இல்லையென்றால் எதிரியின் பக்கம் என்று யாராவது நெருக்கினால், அந்த இரண்டுக்கும் நடுவே உண்மையிலேயே இடமில்லையா என்று முதலில் கேளுங்கள்.