சக்கர நாற்காலியில் இருந்தே நோயாளிகளை எழுப்பிய டாக்டரம்மா!
விபத்தில் கால்கள் போனாலும் மனம் தளராத மேரி வர்கீஸ்

நெமிலிச்சேரி ரெயில் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். மேற்கே போகும் ரெயில்கள் தடதடவென்று கடந்து போகும். அதே தண்டவாளம்தான் அரக்கோணம் வழியாகக் காட்பாடிக்குப் போகிறது. காட்பாடியில் இறங்கினால் வேலூர்.

முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்த படுக்கையானவர்களுக்கு வேலூர் என்றால் தனி நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு வித்திட்டவர் ஒரு பெண். பெயர், டாக்டர் மேரி வர்கீஸ். ஆச்சரியம் என்னவென்றால், அவராலேயே நடக்க முடியாது!

வேன் உருண்டது

கேரளாவில் உள்ள செராய் என்ற ஊரில் 1925-ம் ஆண்டு பிறந்தவர் மேரி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். பெண்கள் நோய் நிபுணராக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

1954-ம் ஆண்டு சக டாக்டர்களுடன் வேனில் வெளியூர் புறப்பட்டார். வழியில் வேன் விபத்தில் சிக்கி உருண்டது. மேரிக்கு முகத்தில் பலத்த காயம். முதுகுத் தண்டிலும் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

"இனிமே என்ன இருக்கு?" என்று யாரும் நினைப்பார்கள் அல்லவா? ஆனால் அதே ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பால் பிராண்ட் வேறு மாதிரி நினைத்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர் அவர். கால் இல்லாவிட்டால் என்ன, உட்கார்ந்தபடியே கை ஆபரேஷன் செய்யலாமே என்று யோசனை கூறினார்.

மேரி கத்தியைக் கையில் எடுத்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் விரல்களைச் சீராக்கினார்.

கடல் கடந்து படிப்பு

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். தன் வேலைகளைத் தானே செய்து கொள்ளக் கற்றார். பிறகு அமெரிக்காவில் நியூயார்க் நகரில் மறுவாழ்வு சிகிச்சை பற்றிப் படித்தார்.

1963-ம் ஆண்டு வேலூர் ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனித்துறை தொடங்கியது. அதற்குத் தலைவர் மேரி. 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 1986-ல் அவர் காலமானார். அந்த நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தைலம் மட்டும் போதுமா?

மேரி வர்கீசின் வாழ்க்கை சொல்லும் பாடம் ஒன்றுதான். ஆபரேஷனோடு வைத்தியம் முடிவதில்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "படுத்துட்டான், இனி அவ்வளவுதான்" என்று கட்டிலோடு விட்டுவிடுகிறார்கள். உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கம் அழுந்தினால் தோல் புண்ணாகும். அந்தப் புண் எலும்பு வரை போய் உயிருக்கே உலை வைக்கும். அதனால்தான் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். கை, கால் மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டாவிட்டால் இறுகிப்போகும். இறுகிய மூட்டைப் பிறகு நீட்டுவது பெரும்பாடு.

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம் என்று கிளம்புபவர்களும் உண்டு. ஜாக்கிரதை! உணர்ச்சி இல்லாத காலுக்குச் சூடு தெரியாது. தோல் வெந்துபோன பிறகுதான் தெரியும்.

ஆயாவின் கை

இந்த வேலையை வீட்டில் யார் செய்வது? மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது ஆயாதான். "ஆயா, கொஞ்சம் புடிச்சு உக்கார வையேன்" என்று பேரன் கூப்பிட்டால், இடுப்பு வலியோடு எழுந்து வருவதும் அந்த ஆயாதான். "எண்ணுடா கண்ணு, இன்னும் பத்து தடவை" என்று பக்கத்தில் உட்கார்ந்து உடற்பயிற்சி செய்ய வைப்பதும் அவர்தான்.

எப்படித் தூக்குவது, எப்படித் திருப்புவது என்று சொல்லிக்கொடுத்தால் ஆயாவே பாதி டாக்டர். எனவே பிசியோதெரபி நிபுணரிடம் போகும்போது வீட்டில் கவனித்துக் கொள்பவரையும் கட்டாயம் அழைத்துப் போக வேண்டும்.

சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கவும் ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

400 அடி ரோடு

வண்டலூரில் தொடங்கி நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் போகிறது வெளிவட்டச் சாலை. லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் பறக்கின்றன. அங்கே யாராவது அடிபட்டு விழுந்தால் கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்து ஆட்டோவில் திணிக்காதீர்கள். முதுகை வளைக்கக்கூடாது. கழுத்தைத் திருப்பக்கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். அவசரத்தில் தூக்கினால், பிழைத்திருக்க வேண்டிய கால்களும் போய்விடக்கூடும்.

வீட்டில் யாராவது படுக்கையில் இருக்கிறார்களா? இன்று இரவு ஒருமுறை எழுந்து திருப்பிப் படுக்க வையுங்கள். அதுவும் வைத்தியம்தான்!