தறிக்குழியை விட்டு எழுந்து ஆடுங்கள்

காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் போய் ஆட்டம் உடம்புக்கு நல்லது என்று சொன்னால், "நாள் முழுக்கத் தறி மிதிக்கிறோமே, அது போதாதா?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் குழித்தறியில் ஓயாமல் இயங்குவது சில தசைகள்தான். முதுகு குனிந்தது குனிந்தபடி, கழுத்து பாவு நூலை நோக்கியபடி, மணிக்கணக்கில் ஒரே இருப்பு. தோளும் இடுப்பும் நோகின்றன; மூச்சோ இதயத்துடிப்போ பெரிதாகக் கூடுவதில்லை. உழைப்பு இருக்கிறது என்பதற்காக உடற்பயிற்சிக் கணக்கு முடிந்துவிடாது.

பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு, தடுக்கி விழாமலிருக்க, வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டுமாம். கும்மியோ கோலாட்டமோ இரண்டுக்கும் உதவும். எழுந்து நின்று எடையைக் கால் மாற்றித் தாங்க வேண்டும், திரும்ப வேண்டும், அடுத்த அடியை நினைவில் வைக்க வேண்டும், பக்கத்தில் ஆடுபவரோடு தாளம் சேர வேண்டும்.

நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. உடலை அசைக்கும் பொழுதுபோக்குகளில், மறதிநோய் குறைவதோடு தொடர்பு தெரிந்தது நடனத்துக்கு மட்டும்தான். ஆடியதால் நினைவு தங்கியதா, நினைவு நன்றாக இருந்தவர்கள்தான் ஆடினார்களா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. மனச்சோர்வு பற்றிய 218 சோதனைகளைத் திரட்டிய 2024ஆம் ஆண்டு ஆய்விலும் நடனத்துக்கு நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அவற்றில் நடனத்தைச் சோதித்தவை சிலவே. அதனால் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஆடப் போகாதீர்கள். மாத்திரையும் இருக்கட்டும், ஆட்டமும் இருக்கட்டும்.

வெட்கம்தான் பெரிய தடை. காஞ்சிக்கு அது பொருந்தாது. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி ஏழு வயதில், 1925இல், அரங்கேறியது இந்த ஊர்க் கோயிலில். பக்கத்துப் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் இயங்குகிறது 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்து சங்கம். கனத்த கட்டை அணிகலன்களோடு விடிய விடிய ஆடும் அந்தக் கூத்தை அதன் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கற்றார்கள். பணமும் பெரிய தடையில்லை. காஞ்சிபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பரதநாட்டியம் கற்பிக்கிறார்கள். தனியார் வகுப்புக்குக் கடன் வாங்கும் முன் அங்கே விசாரியுங்கள்.

எச்சரிக்கையும் தேவை. சிமென்ட் தரையில் அரைமண்டியில் ஓங்கித் தட்டினால் முழங்கால் தாங்காது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் குதிக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கைகளால் ஆடினாலும் ஆட்டம்தான். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு ஆடினால் பாதத்தைத் தினமும் பாருங்கள், புண் தெரியாமலே பெருகிவிடும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை அளவை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே பரிசோதித்துக்கொள்ளலாம்.

பெற்றோர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் விஷயம் இன்னொன்று. ஆட்டம் கற்றுத்தரும்போது உடம்பைத் தொட்டுத் திருத்த வேண்டியிருக்கும். அந்தச் சாக்கில் அத்துமீறலும் நடக்கும். சென்னையின் பேர்பெற்ற நடனப் பள்ளியான கலாக்ஷேத்ராவிலேயே 2023இல் மாணவிகள் பாலியல் தொல்லைப் புகாரோடு போராட வேண்டியிருந்தது. குரு என்பதால் யாரும் சட்டத்துக்கு மேலே இல்லை. பிள்ளை 18 வயதுக்குட்பட்டதென்றால் போக்சோ சட்டம் பாயும். தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பதே தண்டனைக்குரிய குற்றம். உதவிக்கு அழைக்க வேண்டிய எண், பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில், அல்லது நடத்துபவர் மீதே புகார் என்றால், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் பெண்கள் எழுதிக் கொடுக்கலாம். வகுப்பை வந்து பார்க்கப் பெற்றோருக்கு அனுமதி மறுத்தால் அங்கே சேர்க்காதீர்கள்.

கூலி பாக்கி, கடன், தூக்கமில்லாத இரவுகள் என்று மனம் தாங்காத நிலையில் ஆட்டம் மட்டும் போதாது. அரசு செலவில் மனநலச் சிகிச்சை பெறுவது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தரும் உரிமை. 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.